வண்டியைத் தூக்கினால் சேற்றில் ஏறுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். பச்சைத் தேயிலை மூட்டை ஏற்ற டூ வீல் டிரைவ் பிக்கப் இருக்கிறது. மழை பெய்துவிட்டால் தோட்டத்து மண் பாதையில் ஏற மாட்டேன் என்கிறது. "இரண்டு அங்குலம் தூக்கிப் பெரிய டயர் போட்டால் போதும்" என்கிறார் மெக்கானிக். தூக்கலாமா, விற்றுவிட்டு ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாமா?

பதில்: அடுத்த முறை வண்டி மாட்டும்போது இறங்கி அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே இருக்கும் மண் திட்டில், பின் ஆக்ஸிலின் உருண்டையான ஹவுசிங் உழுதுகொண்டு போன கோடு இருந்தால் உங்களுக்குக் குறைவது உயரம். கோடே இல்லாமல் ஒரு பின் சக்கரம் மட்டும் வழுவழுவென்று குழி பறித்திருந்தால் குறைவது பிடிமானம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான். அதற்கு வண்டியைத் தூக்குவது மருந்தே அல்ல.

காலி பிக்கப்பில் எடையில் பெரும்பகுதி முன்னால் இருக்கிறது. தள்ளும் சக்கரமோ பின்னால். சாதாரண டிஃபரன்ஷியலில் (ஹவுசிங்குக்குள் இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி), வழுக்கும் சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ அவ்வளவுதான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். அதனால் ஒன்று சுழல, மற்றது சும்மா நிற்கும். நான்கு அங்குலம் தூக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்றையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். சஸ்பென்ஷனைத் தூக்கினால் உயர்வது பாடியும் சேஸிஸும்தான். பின் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 245/70 ஆர்16 டயரை எடுத்துவிட்டு 265/70 ஆர்16 போட்டால் விட்டம் 28 மி.மீ. கூடும், ஹவுசிங் உயர்வது அதில் பாதி, 14 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 104-இல் போய்க்கொண்டிருக்கும். மேட்டில் இழுவையும் குறையும்.

தூக்குவதால் வரும் தொல்லைகளில் பிரேக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பல பிக்கப்களில், பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஆக்ஸிலோடு கம்பியால் இணைந்திருக்கும். பாரம் ஏறினால் பாடி தாழும். அதை வைத்துத்தான் அது பாரத்தை அறிகிறது. பாடியைத் தூக்கிவிட்டு அதைச் சரிசெய்யாவிட்டால், மூட்டை நிறைய இருக்கும்போதும் வண்டி லேசாக இருப்பதாக எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மலை இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் சூடேறும். ஆபத்தான விஷயம் இது.

பின் கமான் பட்டைக்கு அடியில் உயரம் கூட்டும் கட்டை (பிளாக்) வைத்தால், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் புதியதாக, நீளமானதாக வேண்டும். பழையதை மறுபடி முறுக்கக் கூடாது, 500 கி.மீ. ஓடியதும் புதியதையும் ஒருமுறை இறுக்க வேண்டும். பிளாக் மேல் பிளாக் வேண்டவே வேண்டாம். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். விசையைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறினால் கிளம்பும்போது அதிர்வு வரும், சென்டர் பேரிங் சீக்கிரம் போகும். முன்னால் உயரம் கூட்ட ஸ்பேசர் போட்டால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பால் ஜாயின்ட் தேய்மானமும் கூடும்.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல்.

முதலில் செலவு குறைந்ததைச் செய்யுங்கள். கம்பெனி அளவிலேயே, மண்ணுக்கும் தாருக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர் நான்கு. காலியாகப் போகும்போது பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 150 கிலோ மணல் மூட்டை, நகராதபடி கட்டி. பாரம் இல்லாத நேரத்தில், சேற்றுப் பகுதிக்கு மட்டும் பின் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், தார் ரோடு ஏறும் முன் சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸரால் திரும்ப நிரப்பிவிடுங்கள். பாரத்தோடு காற்றைக் குறைக்காதீர்கள், டயர் பக்கவாட்டில் வெடிக்கும்.

இதற்கும் மசியாத பாதை என்றால் ஃபோர் வீல் டிரைவ்தான். பொலேரோ கேம்பரிலும் இசுஸு வி-கிராஸிலும் அந்த ரகம் உண்டு. ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதன் அருமை தெரியும்: லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை), முதல் கியர் போட்டால் பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டி பார்த்தால் மண் தரையில் 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண ரேஞ்ச்), 4எல் (அதே, லோ ரேஞ்ச்) இரண்டையும் போட்டு ஓட்டுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகப் போகும்போது 'டக் டக்' சத்தம் வந்தால் முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் போயிருக்கிறது. முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி.

கேள்வி: மழையில் ஊட்டி–மசினகுடி கல்லட்டி மலைப் பாதையில் 4எச் போட்டு ஓட்டலாமா?

பதில்: பார்ட் டைம் வகை (4எச் போட்டால் முன், பின் ஷாஃப்ட்கள் ஒன்றாகப் பூட்டிக்கொள்வது) என்றால் வேண்டாம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதை ஈடுகட்டும். தாரில் முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும், முன்னுக்கும் பின்னுக்கும் விசை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். அங்கே 36 கொண்டை ஊசி வளைவுகள் வேறு. ஸ்டீயரிங் கனத்து, வண்டி குதிக்கும். 4எச் கழல மறுத்தால் சில மீட்டர் நேராகப் பின்னால் எடுங்கள், விடுபடும்.