மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, பெண். பதற்றத்துக்காக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. குமட்டல், படபடப்பு, தூக்கமே இல்லை. நெஞ்செரிச்சலுக்காகப் பல மாதமாக ஓமிப்ரசோலும் சாப்பிடுகிறேன். முன்பு பல் பிடுங்கியபோது கொடுத்த கோடீன் மாத்திரையிலும் வலி கொஞ்சம்கூடக் குறையவில்லை. குடும்ப டாக்டர் ஜீன் டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார். எனக்கு எந்த மாத்திரை சரிப்பட்டு வரும் என்று அதில் தெரிந்துவிடுமா?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது நல்ல யோசனைதான், எடுங்கள். ஆனால் எந்த மாத்திரை கேட்கும் என்று அது சொல்லாது. ஒரு மருந்தை உங்கள் உடம்பு எவ்வளவு வேகமாகக் கையாளும் என்றுதான் சொல்லும். இந்த வித்தியாசம் தெரியாமல் எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எஸ்சிட்டலோபிராமைக் கல்லீரலில் உடைப்பது பெரும்பாலும் சிஒய்பி2சி19 என்ற நொதி. பிறவியிலேயே இது சரியாக வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாதாரண அளவு கொடுத்தாலே ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். உங்களுக்கும் அப்படி இருக்கலாம். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஓமிப்ரசோலைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் அதுவும் இதே நொதியைத் தடுக்கும். அதாவது ஜீன் நன்றாகவே இருந்து, ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தாலும், ஓமிப்ரசோல் உள்ளே போகிறவரை உங்கள் உடம்பு நார்மலாக நடந்துகொள்ளாது. ஜீன் ரிப்போர்ட்டில் இது வரவே வராது. அதனால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல், நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்து தரலாமா, எஸ்சிட்டலோபிராம் அளவைக் குறைக்கலாமா என்று இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், தலைசுற்றலும் மன எரிச்சலும் வரலாம். மயக்கம் வந்தாலோ இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் கோடீன். இது தானாக வலியைக் குறைப்பது ரொம்பக் கொஞ்சம். சிஒய்பி2டி6 என்ற இன்னொரு நொதி அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றினால்தான் வலி அடங்கும். அந்த நொதி இல்லாதவர்களுக்கு எத்தனை மாத்திரை போட்டாலும் வலி போகாது, வலி தாங்காதவர் என்ற பெயர்தான் கிடைக்கும். அந்த நொதி அதிவேகமாக வேலை செய்பவர்களுக்கோ மார்ஃபின் மளமளவென்று கூடி மூச்சே அடங்கலாம். 12 வயதுக்குக் கீழ் கோடீன் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் சொன்னதற்கு இதுதான் முக்கியக் காரணம். உங்கள் விஷயத்தில் இந்த ஜீனைப் பார்ப்பது நிச்சயம் பயனுள்ளது, டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரைக்கும் இதே கதைதான்.

ஒருமுறை எடுத்தால் போதும், ஜீன் மாறப்போவதில்லை. நாளைக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை எழுத நேர்ந்தால் அதே சிஒய்பி2சி19 முடிவு அப்போதும் கைகொடுக்கும், ஏனென்றால் அது வேலை செய்யாதவர்களுக்கு அந்த மாத்திரை சரியாகப் பலன் தராது. 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், 7 ஐரோப்பிய நாடுகளில் 12 ஜீன்களை முன்கூட்டியே பார்த்து மருந்து எழுதியபோது பக்கவிளைவுகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. எனக்கு இதில் நம்பிக்கை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மனநல மாத்திரைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, 'பச்சையில் இருப்பது உங்களுக்கு வேலை செய்யும்' என்று சொல்லும் ரிப்போர்ட்டுகளை அப்படியே நம்பாதீர்கள். சிவப்பில் இருக்கும் மாத்திரை பல நேரங்களில் அளவைக் குறைத்தாலே ஒத்துப்போகும். ஏற்கெனவே நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறத்தை மட்டும் பார்த்து மாற்றுவது தவறு.

டாக்டரிடம் போகும்போது வைட்டமின், மூலிகை உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப்போங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதன் நகல் ஒன்றைப் பல் டாக்டரிடமும் கொடுத்துவிடுங்கள்.