குரல் கம்மலுக்கு நெஞ்சில் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. இரண்டு மாதமாகக் குரல் கம்மி, பாதி காற்றாகத்தான் வருகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், இடது குரல்நாண் அசையவில்லை என்று சொல்லி, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் இதயத்துக்கு எக்கோவும் எழுதியிருக்கிறார். தொண்டைக் கோளாறுக்கு இதெல்லாம் தேவையா?

பதில்: அவசியம் எடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இடது குரல்நாணை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின்) வளைவை அடிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. சுற்றுகிற இடத்தில் மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் இருப்பது சின்ன இடுக்கு. மகாதமனி பலூன் போல வீங்கினாலும், அழுத்தம் கூடி நுரையீரல் தமனி பருத்தாலும் நரம்பு அங்கே நசுங்கும். வலது நரம்பு இவ்வளவு தூரம் இறங்காது, மேலேயே திரும்பிவிடும். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவு) சுருங்கியவர்களிடம் இப்படிக் குரல் கம்முவதை 1897-இல் எழுதிவைத்தவர் ஆர்ட்னர் என்ற மருத்துவர். நோய்க்குறிக்கு அவர் பெயர்தான். நுரையீரல் கட்டியும் இதே நரம்பைப் பிடிக்கும் என்பதால் சி.டி. இரண்டுக்கும் பதில் சொல்லும்.

புரையேறுவதற்குக் காரணம், ஒரு நாண் நகராததால் விழுங்கும்போது மூச்சுக்குழாய் வாசல் முழுதாக மூடாததுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் திருப்பி, ஒரு தேக்கரண்டி அளவாக விழுங்கிப் பார்க்கட்டும். பலருக்கு இது உதவும். ஆனாலும் விழுங்கல் பயிற்சியாளர் ஒருமுறை பார்த்துச் சரிசெய்வது நல்லது. இருமலோடு காய்ச்சல் வந்தால் நிமோனியாவா என்று அன்றே பார்க்க வேண்டும். நெஞ்சிலோ முதுகிலோ கிழிக்கிற மாதிரி திடீர் வலி வந்தால் ஒரு நொடியும் காக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மைட்ரல் வால்வு சுருக்கம். மாத்திரை நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறார். பிரமையா?

பதில்: பிரமை இல்லை. இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால் உரசினாற்போல ஓடுவது உணவுக்குழாய். வால்வு சுருங்கினால் அந்த அறை பெருத்துக் குழாயைப் பின்னுக்குத் தள்ளும். அங்கே தங்கும் மாத்திரை சுவரைப் புண்ணாக்கும். பொட்டாசியம் குளோரைடு மாத்திரை இதில் மோசமான பேர்வழி. திரவ வடிவில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மற்ற மாத்திரைகளை நின்றோ உட்கார்ந்தோ, இதய மருத்துவர் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தாதிருந்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். மெதுவாகக் கரைந்து நெடுநேரம் வேலை செய்யும் நீளச்செயல் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் பொடிக்க வேண்டாம். மருந்து மொத்தமும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறிவிடும். எண்டோஸ்கோபி செய்யச் சொன்னால் இதய நோய் இருப்பதையும், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்தின் பெயரையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.