ஐந்து பேர் ஐந்து ருசி சொன்னால் சுருட்டு போலியா?

கேள்வி: ஐயா, எங்கள் அப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்துக்காக காரைக்குடியில் ஒரு ஏஜென்ட் மூலம் கொஹிபா ரொபஸ்டோ சுருட்டு ஒரு பெட்டி (25) வாங்கினேன். கண்ணாடி மூடி போட்ட அழகான பெட்டி. 'துபாய் சரக்கு, சுத்த ஒரிஜினல்' என்று வெளிநாட்டு விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து முகப்பில் உட்கார்ந்து ஐந்து பேர் பிடித்தோம். கோலாலம்பூர் அம்மான் சாக்லேட் வாசம் என்றார். மச்சான் வைக்கோல் என்றான். ஒருவருக்கு ஒரே கசப்பு, இன்னொருவருக்கு இழுக்கவே வரவில்லை. எனக்கு ஒரு பக்கமாகவே எரிந்து மேல் இலை பிரிந்துவிட்டது. முனையைப் பாக்குவெட்டியால்தான் வெட்டினோம். மிச்சம் இருபதும் ஆத்தாவின் பீரோவில் இருக்கிறது. இது ஒரிஜினலா? அதே ஆளிடம் இன்னொரு பெட்டி வாங்கலாமா?
தேவகோட்டை வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் 'கண்ணாடி மூடி' என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்ததுமே எனக்கு மிச்சத்தைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. கொஹிபா என்பது கியூபாவின் சுருட்டு பிராண்ட், ரொபஸ்டோ அதில் ஒரு அளவு. கியூபாவிலிருந்து ஏற்றுமதியாகும் 25 ரொபஸ்டோ பெட்டி மரப்பெட்டியாக, மர மூடியோடுதான் வரும். கண்ணாடி மூடிப் பெட்டி கடற்கரைச் சுற்றுலாக்காரர்களுக்கும், விசேஷ வீட்டுக்காரர்களுக்கும் விற்பதற்கென்றே செய்யப்படுவது. பார்க்க லட்சணமாக இருக்கும், பரிசாகக் கொடுக்கத் தோதாக இருக்கும், அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

விலையும் அதையேதான் சொல்கிறது. 2022-ல் கொஹிபாவின் விலையை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குத் தூக்கிவிட்டார்கள். இன்றைக்கு எந்த ஊரில் வாங்கினாலும் ஒரு ரொபஸ்டோவே பல ஆயிரம் ரூபாய். துபாயில் மட்டும் அது நாலில் ஒரு பங்குக்கு எப்படிக் கிடைக்கும்? 'கப்பலில் வேலை செய்கிற பையன் கொண்டு வந்தான்', 'ஆலைத் தொழிலாளி தன் பங்கை வெளியே விற்றார்', 'ஏர்போர்ட்டில் பிடிபட்டு ஏலத்தில் வந்தது' என்று இந்த ஏஜென்ட்கள் மாற்றி மாற்றிச் சொல்லும் கதைகள் எல்லாமே எனக்கு மனப்பாடம். நாலு பேர் கூடுகிற விசேஷ வீடாகப் பார்த்துத்தான் வருவார்கள், ஏனென்றால் அங்கே யாரும் பில் கேட்பதில்லை, 'நமக்கு ஏமாற்றுப் பொருளைக் கொடுத்துவிட்டான்' என்று சபையில் சொல்லவும் கூச்சப்படுவார்கள்.

சரி, இப்போது ருசிக்கு வருவோம். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னது போலிக்கு அடையாளம் ஆகாது. உண்மையான கொஹிபாவைக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சுருட்டுப் புகையிலையைக் குவித்துப் புழுங்கவைத்துப் பதப்படுத்தும்போது அமோனியா வெளியேறி, கொக்கோ, காபி, வறுத்த கடலை மாதிரியான வாசம் வருவது உண்மைதான், அம்மான் ஒன்றும் கதை விடவில்லை. ஆனால் ஒரே சுருட்டிலேயே முதல் பகுதி ஒரு மாதிரி, நடுப்பகுதி ஒரு மாதிரி, கடைசியில் காரமாகத் தெரியும். அதோடு வாயில் என்ன இருந்தது என்று பாருங்கள். மிளகு, கல்பாசி, அன்னாசிப்பூ எல்லாம் போட்ட விசேஷச் சாப்பாடு, அதன் மேல் வெற்றிலை பாக்கு, சுண்ணாம்பு. அந்த நாக்கிடம் போய் 'தேவதாரு தெரிகிறதா, தோல் வாசம் தெரிகிறதா' என்று கேட்டால் அது என்ன சொல்லும்? வெற்றிலை போட்டால் குறைந்தது அரை மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் பிடித்துப் பார்த்திருந்தால் மச்சானின் வைக்கோல் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கசப்பு என்றவர் அனேகமாகப் பீடி இழுக்கிற வேகத்தில் இழுத்திருப்பார். சுருட்டை நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்தால் போதும். அதற்கு மேல் போனால் நெருப்பு சூடேறி, உள்ளே தார் சேர்ந்து, எப்பேர்ப்பட்ட இலையும் கசக்கும். புகையை உள்ளே இழுக்கவும் கூடாது. வாயோடு நிறுத்தினால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள், வாய்ப் புற்றுநோய்க்கு அது பொருட்டே இல்லை.

ஆகவே ருசிப் பேச்சை அதோடு விடுங்கள். எந்தச் சுருட்டைப் பற்றியும் நாலு பேர் சொல்லும் ருசி அபிப்பிராயத்தை வைத்து நல்லது கெட்டது, அசல் போலி என்று தீர்மானிக்கவே முடியாது. கட்டுமானத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைத்தான் கவனிக்க வேண்டும்: இழுவை எப்படி, சமமாக எரிந்ததா, சாம்பல் நின்றதா, இலை பிரிந்ததா. இதெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற விஷயம், யார் பார்த்தாலும் ஒன்றுதான்.

கைச்சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் உள் இலைகள், அவற்றைச் சுற்றிப் பிடிக்கும் கட்டு இலை, அதற்கு மேல் அழகான மேல் இலை. உள்ளே போவதில் லிகெரோ என்று ஒரு இலை, செடியின் உச்சியில் வெயில் பட்டு வளர்வது, தடிப்பானது, காரமானது, மெதுவாக எரியும். அதைச் சரியாக நடு மையத்தில் வைக்க வேண்டும். சுருட்டுகிறவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் நிற்கும், மறுபக்கம் ஓடிப்போகும். உங்களுடையது ஒரு பக்கமாக எரிந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். முகப்பில் பெடஸ்டல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். காற்று படுகிற பக்கம் வேகமாகத்தான் எரியும்.

மேல் இலை பிரிந்ததற்குக் காரணம் தேட வேண்டாம், பாக்குவெட்டி. அது நசுக்கி உடைக்கிற கருவி. சுருட்டின் வாய்முனையில் ஒரு சின்னத் தொப்பி மாதிரி இலைத்துண்டு ஒட்டியிருக்கும், மேல் இலை மொத்தத்தையும் பிரியாமல் பிடித்திருப்பது அதுதான். தொப்பியின் உச்சியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூர்மையான பிளேடால் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். தோள் வளைவுக்குக் கீழே இறங்கினால் பிரிந்துவிடும். பெட்ரோல் லைட்டரிலும் பற்றவைக்காதீர்கள், அந்த நெடி கடைசி வரை போகாது. தீக்குச்சியோ கேஸ் லைட்டரோ போதும்.

அடுத்து, இழுக்க வராத அந்தச் சுருட்டு. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு 'இழுவை இல்லையென்றால் போலி' என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் சரிதான், போலிகளில் கண்டபடி அடைத்திருப்பார்கள். ஆனால் அசல் கியூபச் சுருட்டுக்கும் இந்த நோய் உண்டு. 1990-களின் கடைசியில் கியூபா உற்பத்தியை ஒரேயடியாகக் கூட்டியபோது, போதிய அனுபவம் இல்லாத கைகள் சுருட்டி, அடைத்துக்கொண்ட சுருட்டுகள் பெட்டி பெட்டியாகச் சந்தைக்கு வந்தன. உலகம் முழுக்கப் புகார் எழுந்த பிறகுதான் 2000-களின் தொடக்கத்தில் ஆலைகளில் இழுவையைச் சோதிக்கும் இயந்திரங்களை வைத்தார்கள். அதற்குப் பிறகும் இருபத்தைந்தில் ஒன்றிரண்டு அடைத்திருப்பது அதிசயம் இல்லை. இலையை நீளவாக்கில் மடித்து அடுக்கும்போது ஒன்று குறுக்கே முறுக்கிக்கொண்டால் போதும், புகை போக வழியிருக்காது. ஈரம் அதிகமாகி இலை உப்பினாலும் அடைக்கும், அதுபோல இருப்பதைச் சில நாள் கொஞ்சம் உலர்ந்த இடத்தில் வைத்தால் திறந்துகொள்ளும். அசல் சுருட்டில் ஒன்று அடைத்தது என்று ஏஜென்ட்டிடம் சண்டைக்குப் போய், கடைசியில் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே ஒரு சுருட்டின் இழுவையை வைத்து முடிவு பண்ணாதீர்கள், நாலைந்தை வைத்துப் பாருங்கள். உங்கள் பெட்டியில் ஐந்தில் ஒன்று, ஆகவே அது எனக்குச் சாட்சியே இல்லை. கண்ணாடி மூடிதான் சாட்சி.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பலி கொடுங்கள். செய்தித்தாளை விரித்து, ஒரு சுருட்டைப் படுக்கவைத்து, புது ஷேவிங் பிளேடால் வாழைப்பூ மடலைப் பிரிப்பது போல நீளவாக்கில் நிதானமாகக் கீறித் திறங்கள். அசல் என்றால் உள்ளே இலைகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழு நீளத்துக்கு ஓடும், நடுவில் கருத்த, பிசுபிசுப்பான லிகெரோ இருக்கும். போலி என்றால் திறந்ததுமே தாளில் நறுக்குத் துண்டும் தூளும் காம்புமாகக் கொட்டும். நான் திறந்து பார்த்த கண்ணாடி மூடிச் சரக்கு ஒன்றில் இலைத் துண்டுகளோடு சணல் நூல் இருந்தது. உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் நம் ஊரில் எத்தனையோ காலமாகச் சுருட்டுகிறார்கள், விலை மலிவு, பேரும் மறைக்கவில்லை. அதற்கு இது எவ்வளவோ கேவலம்.

பெட்டியின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 'எச்சோ என் கூபா' (Hecho en Cuba), 'டொட்டால்மெந்தே ஆ மானோ' (Totalmente a mano) என்று ஸ்பானிய மொழியில் சூட்டு முத்திரை இருக்க வேண்டும். 'முழுக்கக் கையால்' என்ற அந்தச் சொற்றொடர் 1989-லிருந்துதான் வருகிறது. அதன் பக்கத்தில் மையில் ஆலைக் குறியும், மாதமும் ஆண்டும். மாதம் ஸ்பானியச் சுருக்கத்தில் இருக்கும்: ஜனவரிக்கு 'எனே' (ENE), ஏப்ரலுக்கு 'அப்ர்' (ABR), டிசம்பருக்கு 'டிக்' (DIC). அதற்குப் பதில் JAN, APR, DEC என்று ஆங்கிலச் சுருக்கம் அச்சடித்திருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். மூடியைத் திறந்தால் எல்லாச் சுருட்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில், சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டைகள் ஒரே உயரத்தில் முகம் பார்த்து அடுக்கியிருக்க வேண்டும். பச்சை நிற உத்தரவாதச் சீட்டில் இருக்கும் பார்கோடு எண்ணை ஏற்றுமதி நிறுவனமான ஹபானோஸின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அசல் பெட்டியின் எண்ணையே ஆயிரம் போலிப் பெட்டியில் அச்சடிக்க எத்தனை நேரம் ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருபதையும் முதலில் பீரோவிலிருந்து எடுங்கள். ஆத்தாவின் பட்டுப்புடவைக்கு வைத்த அந்துருண்டை வாசத்தை இலை அப்படியே குடித்துவிடும், அதை எந்த வித்தையாலும் எடுக்க முடியாது. ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், அது உலர்த்திவிடும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்குப் பெட்டி ஒன்றைக் காட்டி 'அந்தக் காலத்துச் சுருட்டுப் பெட்டி' என்று யாராவது விற்க வந்தால் அதற்கும் மயங்க வேண்டாம். ரசத்துக்குப் பெருங்காயம் வைத்திருந்தார்களோ, நகைக்கு வைத்திருந்தார்களோ, யார் கண்டது. காற்றுப் புகாத சாதாரண பிளாஸ்டிக் டப்பா, கடையில் கிடைக்கும் 65 அல்லது 69 சதவீத ஈரப்பத பாக்கெட் ஒன்று, சின்ன ஈரமானி. இவ்வளவுதான் தேவை. ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பை நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டையும் ஜிப் பையில் போட்டு ஒரு நாள் வையுங்கள், 75 காட்டினால் சரி.

செட்டிநாட்டு வெயிலில் இன்னொரு தொல்லை புகையிலை வண்டு. அறை வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து, குண்டூசி முனை அளவு ஓட்டைகள் விழும். ஓட்டை தெரிந்தால் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசர், அப்புறம் ஒரு நாள் ஃப்ரிட்ஜ், அப்புறம் வெளியே. ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்தால் மேல் இலை வெடிக்கும்.

முறைப்படி வாங்குவதென்றால் எப்படி என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்தியாவில் சட்டப்படி விற்பனைக்கு வரும் எந்தப் புகையிலைப் பெட்டியிலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும், நல்ல விதி. ஆனால் அந்தப் படம் இல்லாத பெட்டியைப் பட்டப்பகலில் கைப்பையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவரை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. முறையாக இறக்குமதி செய்கிறவர் வரிக்கு மேல் வரி கட்டி விலை ஏறி நிற்கிறார், அவர் கடையோ பெருநகரத்தை விட்டு இந்தப் பக்கம் வருவதில்லை. நடுவில் இருக்கிற இடம் முழுக்க ஏஜென்ட்டுக்கு. உங்களிடம் பில் இல்லாததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் நிரூபிப்பது கஷ்டம்.

அம்மான் அடுத்த முறை வரும்போது அவரிடமே சொல்லுங்கள். வெளிநாட்டில் ஹபானோஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில், பில்லோடு ஒரு பெட்டி. பயணி ஒருவர் வரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது அதிகபட்சம் 25 சுருட்டு, சிகரெட் எதுவும் சேர்க்காமல், அதுவும் மொத்த மதிப்பு வரியில்லா வரம்புக்குள் இருந்தால்தான். மிஞ்சினால் வரி கட்ட வேண்டும். 'இன்னும் ஒன்றைத் துணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது யோசனை சொன்னால், கஸ்டம்ஸில் அம்மான் பக்கத்தில் அவரையும் நிற்கச் சொல்லுங்கள்.