பேர் பெரிய இடமா, பணம் உறுதியான இடமா?

மேற்படிப்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சேலத்தில் ஜியாலஜி எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மேக்னசைட் பாறையில்தான் புராஜெக்ட் செய்தேன், கரியமில வாயுவைப் பாறைக்குள் பூட்டி வைப்பது பற்றி மேலே ஆராய்ச்சி செய்ய ஆசை. மூன்று இடங்களில் பிஎச்.டி. கிடைத்திருக்கிறது. முதலாவது, அமெரிக்காவில் எல்லோருக்கும் பேர் தெரிந்த பல்கலைக்கழகம், வருடத்துக்கு 36,000 டாலர், ஆனால் முதல் வருடத்துக்கு மட்டும்தான் உறுதி. பேராசிரியர் வண்டல் பாறை ஆள். இரண்டாவது, அங்கேயே ஒரு சின்ன ஊரில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம், டி.ஏ. (பாடம் நடத்த உதவும்) வேலை, ஒன்பது மாதத்துக்கு 24,000 டாலர், ஐந்து வருடம் தருவதாக எழுதியிருக்கிறார்கள். பேராசிரியர் நான் விரும்பும் துறையிலேயே இருப்பவர். மூன்றாவது இங்கே ஓர் ஐ.ஐ.டி., ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கையில் இருக்கிறது, ஆனால் தலைப்பு நிலத்தடி நீர். வாடகை முதல் ஊரில் 1,600 டாலர், இரண்டாவதில் 650 என்கிறார்கள். அப்பா முதல் இடம்தான் என்கிறார், அம்மா ஐ.ஐ.டி. போதும் என்கிறார். ஏப்ரல் 15-க்குள் சொல்லியாக வேண்டும்.
- பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை

பதில்: என்னைக் கேட்டால் இரண்டாவது இடம். ஆனால் உடனே ‘சரி’ என்று மெயில் போட்டுவிடாதீர்கள், அதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு உங்களுக்கு நேரமும் இருக்கிறது.

முதலில் பணம். 36,000, 24,000 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலாவதுதான் பெரிதாகத் தெரியும், அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். 36,000-ஐப் பன்னிரண்டால் வகுங்கள், மாதம் 3,000. அதில் வாடகை 1,600 போனால் மிச்சம் 1,400. இரண்டாவது இடத்தின் 24,000 ஒன்பது மாதச் சம்பளம்தான், இருந்தாலும் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 2,000, வாடகை 650 போக 1,350. ஆக இரண்டுக்கும் நடுவில் நிற்பது மாதம் வெறும் 50 டாலர். கோடையில் அந்தப் பேராசிரியர் தன் புராஜெக்ட்டிலிருந்து இரண்டு மாதம் சம்பளம் போட்டால் இரண்டாவதே மேலே போய்விடும். எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைக்கிற பழக்கத்தை விடுங்கள். செலவும் டாலரில்தானே ஆகப் போகிறது? எந்த ஊரில் தனி ஆள் வாழ எவ்வளவு வேண்டும் என்று கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாகக் காட்டுகிற லிவிங் வேஜ் கால்குலேட்டர் ஒன்றை எம்.ஐ.டி. வைத்திருக்கிறது, இலவசம்தான், இரண்டு ஊரையும் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் இடிக்கக்கூடியவை சில உண்டு. டியூஷன் தள்ளுபடி என்று எழுதியிருப்பார்கள், ஆனால் ‘ஃபீஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கும், அது பல இடங்களில் தள்ளுபடியில் வராது, செமஸ்டருக்குச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரம் தாண்டியும் போகும். மருத்துவக் காப்பீட்டில் யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். சம்பளத்துக்கு வரி உண்டு. அதில் நமக்கு ஒரு சலுகையும் உண்டு, இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவைக் கோரலாம், அதாவது வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி இல்லை, இது வேறு நாட்டு மாணவர்கள் பலருக்குக் கிடையாது. வேலை நேரம் பற்றிக் கவலை வேண்டாம், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு, டி.ஏ. வேலையும் அதற்குள்தான் வரும். ஆகஸ்டில் போய் இறங்கினால் முதல் சம்பளம் கைக்கு வரச் செப்டம்பர் கடைசிகூட ஆகலாம். அதுவரை வாடகை முன்பணம், பாத்திரம் பண்டம், டிக்கெட், விசா கட்டணம் எல்லாம் உங்கள் வீட்டுக் காசுதான். அப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், பட்டறையில் ஆர்டர் இல்லாத மாதம் பார்த்துக் கேட்காதீர்கள்.

அடுத்தது எவ்வளவு என்பதைவிட முக்கியமான கேள்வி, யார் தருகிறார்கள், எதுவரை தருகிறார்கள். முதல் இடத்தின் கடிதத்தை எடுத்து, இரண்டாம் வருடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘நிதி இருப்பைப் பொறுத்து’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். நடைமுறையில் அதற்கு என்ன பொருள் என்றால், இரண்டாம் வருடத்திலிருந்து அந்த வண்டல் பாறைப் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியில்தான் உங்கள் சாப்பாடு. அந்த நிதி ஓர் அரசு நிறுவனத்திலிருந்து வருகிறது என்று வையுங்கள். 2025-இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்தபோது என்ன நடந்தது என்று நாம் பார்த்தோம், சேர்க்கை கொடுத்த சில இடங்களே கொடுத்ததைத் திரும்பப் பெற்றன, பல துறைகள் அந்த வருடம் எடுக்கும் ஆட்களைக் குறைத்தன. டி.ஏ. பணம் துறையின் கையிலிருந்து வருவது. முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பாறைகளை அடையாளம் காட்ட யாராவது ஒருவர் லேபில் நின்றுதானே ஆக வேண்டும்? அதனால் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியில் கிடைக்கும் ஆர்.ஏ. வேலையைவிட டி.ஏ. சுலபத்தில் அறுந்து போகாது. ஐந்து வருடம் என்று எழுத்தில் கொடுத்திருப்பது, ‘முன்னேற்றம் திருப்தியாக இருந்தால்’ என்ற நிபந்தனையோடுதான் என்றாலும், நல்ல கடிதம்.

பொருத்தம் என்று எல்லோரும் சொல்லும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஆசை சாதாரண ஆசை இல்லை. மேக்னசைட் ஜங்ஷனைத் தாண்டும் ரயிலில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது மெக்னீசியம் நிறைந்த பாறையும் கரியமில வாயு கலந்த நீரும் சேர்ந்து உண்டாக்கியது என்று தெரியும்? இயற்கை அங்கே மெல்லச் செய்த அதே வேலையை ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டத்தில் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் வாயுவைச் செலுத்திச் செய்து பார்த்தார்கள், செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே வருடத்துக்குள் கனிமமாகிவிட்டது என்று 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். சேலத்துப் பாறையைக் கையில் பிடித்து வளர்ந்த ஒருவர் இந்தக் கேள்வியோடு போய் நின்றால், அதே கேள்வியில் இருக்கும் பேராசிரியர் விட மாட்டார். வண்டல் பாறைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் மூன்றாம் வருடத்தில் அவருடைய புராஜெக்ட்டுக்குத்தான் நீங்கள் உழைத்துக்கொண்டிருப்பீர்கள், உங்கள் கேள்வி நோட்டுப் புத்தகத்தில் கிடக்கும். இரண்டாவது பேராசிரியரிடம் ஒன்று கேளுங்கள், சேலத்தில் ஃபீல்டு வேலை செய்ய அவர் நிதியில் பயணச் செலவு உண்டா என்று. உண்டு என்றால் அம்மாவுக்கும் பாதிக் கவலை குறையும்.

ஆனால் துறை பொருந்தினால் மட்டும் போதாது, ஆள் பொருந்த வேண்டும். அதைப் பேராசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம்தான் தெரியும். இரண்டு மூன்று பேருக்கு மெயில் போடுங்கள், நம்மூரில் ராத்திரி ஏழரை என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இப்போது காலை பத்து, ஜூமில் பேச வசதியான நேரம். ‘சார் எப்படி?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ‘நல்லவர்’ என்றுதான் சொல்வார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த கடைசிக் கட்டுரையை அவர் எத்தனை நாளில் திருத்திக் கொடுத்தார் என்று கேளுங்கள். நிதி தீர்ந்தபோது யாருக்காவது சம்பளம் நின்றதா, நின்றபோது என்ன செய்தார்? இதுவரை முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா? ‘நல்லவர், ஆனா ரொம்ப பிஸி’ என்று ஒருவர் சொல்லிவிட்டு ஒரு விநாடி நிறுத்தினால், அந்த நிறுத்தத்தைக் கவனியுங்கள். பேராசிரியர் இன்னும் பணி நிரந்தரம் ஆகாதவர் என்றால் அவர் வேறு பல்கலைக்கழகம் போனால் உங்கள் கதி என்ன என்றும், ஓய்வு வயதில் இருப்பவர் என்றால் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்றும் கூச்சப்படாமல் கேட்கலாம். நம் ஊரில் இதைக் கேட்டால் மரியாதைக் குறைவு என்பார்கள், அங்கே இதைக் கேட்காமல் வருகிறவரைத்தான் விவரம் தெரியாதவர் என்று நினைப்பார்கள்.

அம்மா சொல்லும் ஐ.ஐ.டி.யைத் தள்ளிவிட வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000. ஹாஸ்டலில் இருந்தால் மாதாமாதம் வீட்டுக்கு ஏதாவது அனுப்ப முடியும், டாலரில் வாங்குகிறவர்களில் பலரால் முதல் இரண்டு வருடம் அது முடியாது. பட்டறையில் கடன் இருக்கிறது, தம்பி தங்கை படிக்கிறார்கள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை, கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. இரண்டாவது இடத்து மாணவர்கள் சொல்வதில் உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் நான் முதலாவதுக்குப் போகச் சொல்ல மாட்டேன், ஐ.ஐ.டி.க்குத்தான் போகச் சொல்வேன், நிலத்தடி நீர்ப் பேராசிரியரிடம் பாறைக்கும் நீருக்கும் நடக்கும் வேதியியல் பக்கமாகத் தலைப்பைத் திருப்ப முடியுமா என்று பேசிப் பார்த்துவிட்டு.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. பேர் பெரிய இடம் என்றால் சொந்தக்காரர்களிடம் சொல்ல நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பிஎச்.டி.யில் அடுத்த வேலைக்குப் போகும்போது முதலில் கேட்பது யாரிடம் செய்தாய், என்ன வெளியிட்டாய் என்பதைத்தான்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் மேற்பார்வை வேலை. பையனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். கிடைத்திருக்கிறது, உதவித்தொகை எதுவும் இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் விவசாய நிலமும் அஸ்தம்பட்டியில் ஒரு வீடும் இருக்கிறது. வங்கியில் வீட்டைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு தகப்பன், ஏற்காடு

பதில்: ஐயா, வங்கி வீட்டைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் ஈடு கேட்கும், கடன் திரும்பாவிட்டால் ஈட்டை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருப்பதால் அதை ஈடாக வாங்கப் பல வங்கிகள் தயங்கும். ஆகவே வீடுதான் மாட்டுகிறது.

கொடுக்க வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பு முடிந்து அமெரிக்காவில் வேலை கிடைக்காமல் இங்கே திரும்பி வந்தால், இங்கே வாங்கும் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா? முடியாது என்றால் அந்தத் தவணை உங்கள் தலையில்தான் விழும். எம்.எஸ். என்பது பிஎச்.டி. மாதிரி இல்லை, அங்கே பெரும்பாலும் மாணவர்தான் பணம் கட்டுகிறார், ‘போய்ச் சேர்ந்ததும் ஆர்.ஏ. கிடைத்துவிடும்’ என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது, கிடைத்தால் லாபம். ஜெர்மனியையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் டியூஷன் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அந்தப் பணம் கட்டணமாகப் போய்விடாது, மாதாமாதம் பையன் கைக்கே செலவுக்குத் திரும்பி வரும். ஒரு வருடம் தள்ளிப் போகும், மொழி கற்க வேண்டும், பையன் முகம் சுளிப்பான். வீட்டை ஈடு வைக்கும் முன் இந்தச் சண்டையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மார்ச் முதல் வாரமே ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன், முழு நிதியோடு. இப்போது இன்னொரு இடத்தில் இதைவிட நல்ல வாய்ப்பு. மாறினால் தப்பா, பிளாக்லிஸ்ட் செய்துவிடுவார்களா?
- வாசகர், ஓமலூர்

பதில்: ஏப்ரல் 15-க்குள் என்றால் தப்பே இல்லை. அங்கே கிராஜுவேட் பள்ளிகளின் கவுன்சில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியோடு கொடுக்கும் சேர்க்கைக்கு அந்தத் தேதி வரை பதில் கேட்டு நெருக்கக் கூடாது, அதற்கு முன் சம்மதம் சொன்னவர் அந்தத் தேதிக்குள் எழுத்துமூலம் விலகிக்கொள்ளலாம். உங்கள் இரண்டு இடமும் பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்தில் பார்த்துவிடுங்கள். புதிய இடத்தின் கடிதம் கையெழுத்தோடு கைக்கு வந்த பிறகே பழையதை விடுங்கள். பேராசிரியருக்குத் தனியாக நான்கு வரி எழுதுங்கள், காரணம் நீட்டி முழக்க வேண்டாம். முக்கியமாக, இன்றைக்கே எழுதுங்கள், அவர்கள் காத்திருப்போர் பட்டியலில் நாமக்கல்லிலோ தர்மபுரியிலோ ஒருவர் தினமும் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.