நெஞ்செரிச்சல் பொடியும் ஜிம் பொடியும் ஒண்ணா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி ஆனா புளிச்ச ஏப்பம், நெஞ்சு கரிப்பு, எதுக்களிப்பு. மெடிக்கல்ல மக்னீசியம் கார்பனேட் பொடி வாங்கிக் குடுக்கோம். பையன் ஜிம்முல கையில பூசுத வெள்ளைப் பொடி டப்பாவுலயும் அதே பேருதான் போட்டிருக்கு. அதையே கலக்கிக் குடுத்தா என்ன?
ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: குடுக்காதீங்க அக்கா. முதல்ல அந்த ஜிம் டப்பாவ அடுப்படியில இருந்து எடுத்து வேற இடத்துல வைங்க. பேரு ஒண்ணுதான், அடிப்படைப் பொருளும் ஒண்ணுதான், ஆனா அது கை வேர்வைய உறிஞ்சுததுக்குன்னு செஞ்சது, வயித்துக்குள்ள போவும்னு நெனச்சு அதுல ஈயம் இருக்கா ஆர்சனிக் இருக்கான்னு சோதிச்சிருக்க மாட்டாங்க, சிலதுல பிடிமானத்துக்கு பிசின் வேற சேக்காங்க. மருந்துப் பொடின்னா லேபிள்ல பேருக்குப் பக்கத்துல ஐ.பி.ன்னு போட்டிருக்கும், இந்திய மருந்துத் தர நூல் சொல்லுத சுத்தம் அதுல இருக்குன்னு அர்த்தம். அதப் பாத்து வாங்குங்க.

வயித்துல ஊறுதது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இந்தப் பொடி தண்ணியில கரையாது, டம்ளர்ல கலக்கி வச்சா கொஞ்ச நேரத்துல அடியில போய் உக்காந்துரும், அதனால கலக்குன உடனே குடிச்சிரணும். ஆனா அமிலம் பட்டா நுரைச்சுக் கரைஞ்சு மக்னீசியம் குளோரைடாவும் தண்ணியாவும் கார்பன் டை ஆக்சைடாவும் மாறிரும். ஏவ்னு பெருசா ஒரு ஏப்பம் வந்ததும் "கேஸ் போயிட்டு"ன்னு சந்தோசப்படுதோம்லா, அந்தக் காத்துல ஒரு பங்கு பொடியே உண்டாக்குனதுதான். ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவுல ஜோசப் பிளாக்குன்னு ஒருத்தர் 1754ல டாக்டர் பட்டத்துக்காக இதே வெள்ளை மக்னீசியாவ எடுத்து வயித்துப் புளிப்புக்குன்னு ஆராயப் போயிதான், சாதாரண காத்து இல்லாம இப்படி வேற ஒரு காத்து இருக்குன்னே தெளிவா தெரிய வந்துச்சு.

அளவு விசயத்துல ஒண்ணு கவனிங்க. இதுல லைட், ஹெவின்னு ரெண்டு தினுசு உண்டு. லைட் பஞ்சு மாதிரி பொசுபொசுன்னு இருக்கும், ஹெவி அமுங்கி இருக்கும், ஒரே ஸ்பூன்ல அள்ளுனா ஹெவி பல மடங்கு எடை கூட வரும். போன தடவை ஒண்ணு, இந்தத் தடவை வேறன்னு வாங்கிட்டு பழைய ஸ்பூன் கணக்குல குடுத்தா தப்பாயிரும், டப்பாவுல போட்டிருக்க அளவையோ டாக்டர் சொன்னதையோதான் பாக்கணும். கூடிப் போனா வயித்தால போவும், ஏன்னா மக்னீசியம் குடலுக்குள்ள தண்ணிய இழுத்து வச்சிக்கிடும். அலுமினியம் ஹைட்ராக்சைடு இதுக்கு நேர் எதிர், மலத்தக் கட்டும், அதனாலதான் பாட்டில்ல வர்ற ஆன்டாசிட், அதாவது அமிலத்த அமத்துத மருந்து, நெறைய ரெண்டையும் சேத்தே வருது.

கிட்னி கோளாறு இருக்கவங்க டாக்டர்ட்ட கேக்காம இதத் தொடவே கூடாது. மக்னீசியம் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல சேந்து உடம்பு தளந்து, தூக்கம் அமுக்கி, பிரஷர் இறங்கி, நாடித் துடிப்பே கொறஞ்சிரும். சுகர், பிரஷர் ரொம்ப வருசமா இருக்கவங்க கிட்னி எப்படி இருக்குன்னு ஒரு ரத்தப் பரிசோதனை பாத்துக்கிடுங்க. தைராய்டு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, டாக்சிசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் இதுகளோட சேத்துக் குடிச்சா மாத்திரை உடம்புல சரியா ஏறாது, தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரமாவது இடைவெளி விடணும், மத்ததுக்கு மருந்துக் கடையில கேட்டுக்கிடுங்க.

அக்கா, என் கவலையெல்லாம் நீங்க "ராத்திரி ஆனா"ன்னு எழுதுனதுதான். இந்தப் பொடி ஊறுன அமிலத்த அமத்துமே தவிர ஏன் ஊறுது, ஏன் மேல ஏறுதுங்கதத் தொடாது. வெறும் வயித்துல அரை மணி நேரம், சாப்ட்ட பெறகு குடிச்சா கொஞ்சம் கூட நிக்கும், அவ்ளோதான். சாப்ட்டு 2, 3 மணி நேரம் கழிச்சுப் படுக்கச் சொல்லுங்க, கட்டில் தலைமாட்ட உயத்துங்க, அதுக்கும் அடங்கலைன்னா பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டர்ட்டயோ கூட்டிட்டுப் போங்க. முழுங்க கஷ்டம், எடை கொறையுது, மலம் கருப்பாப் போவுதுன்னா ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க. நெஞ்ச அழுத்தி, வேர்த்து, இடது கையோ தாடையோ இழுத்தா அத வாயுப்பிடிப்புன்னு நெனைக்காதீங்க, மாரடைப்பா இருக்கலாம், பொடிய கலக்கிக்கிட்டு இருக்காம 108க்கு போன் போடுங்க. கேஸுன்னு நெனச்சு வீட்டுலயே காத்துக் கெடந்து உயிர விட்டவங்க நம்ம பக்கம் எத்தன பேரு.

கேள்வி: கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு வயிறு முட்ட சாப்ட்டா எங்க மாமா உடனே ஆப்பசோடா ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிப்பாங்க, சோடா இல்லைன்னா அப்பளக்காரம். நல்லதா?
வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ரெண்டும் வேண்டாம் தம்பி, அப்பளக்காரம் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் சோடியம் கார்பனேட் சேந்தது, காரம் ஜாஸ்தி, தொண்டையையும் உணவுக் குழாயையும் புண்ணாக்கிரும். உங்க ஊரு அப்பளத்துக்குள்ள இருக்கட்டும், மாமா டம்ளர்ல வேண்டாம்.

ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட், அமிலத்த சடக்குனு அமத்தும்தான். ஆனா முட்ட முட்ட சாப்ட்ட வயித்துல காத்து ஒரேயடியா கெளம்புனா வயிறு கிழிஞ்ச கேஸே மருத்துவப் பதிவுல இருக்கு, அபூர்வம்தான், ஆனாலும் இருக்கு. அதோட ஒரு டீஸ்பூன் சோடாவுல கிட்டத்தட்ட 1.3 கிராம் சோடியம் போவுது, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கவே 2 கிராமுக்குள்ளதான் சொல்லுது. மாமாவுக்கு பிரஷரோ இதயக் கோளாறோ இருந்தா நீங்களே எடுத்துச் சொல்லுங்க, பெரியவங்கன்னு பேசாம இருந்துராதீங்க.

கேள்வி: தாழையூத்து சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட், ஆன்டாசிட் மாத்திரையும் அதேதானாமே?
மாணவர், பேட்டை

பதில்: ஆமா, அதே சேர்மம்தான். ஆனா கல்லு கல்லுதான், அதுல மண்ணு, சிலிக்கா எல்லாம் கெடக்கும், அரைச்சுத் திங்கக் கூடாது. வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்பு அதவிட ஆபத்து, அது நீத்துன கால்சியம் ஹைட்ராக்சைடு, கண்ணுல பட்டா பார்வையே போயிரும். பட்டுட்டுன்னா நல்ல தண்ணிய 20 நிமிசமாவது விடாம ஊத்திக் கழுவிட்டு அப்பவே கண்ணாஸ்பத்திரிக்கு ஓடணும்.

கேள்வி: மக்னீசியப் பொடி ஒரு கிலோ மொத்தமா வாங்கிட்டோம். எப்படி வைக்க?
வாசகி, தென்காசி

பதில்: சாரல் காலத்துல ஈரம் ஏறி கட்டி புடிச்சிரும், இறுக்கமான மூடி போட்ட டப்பாவுல, ஈரமில்லாத ஸ்பூன் போட்டு வைங்க. கொட்டும்போது தூசி பறக்கும், மூக்குல துணி கட்டிக்கிட்டு மெதுவா கொட்டுங்க, சிந்துனத ஈரத்துணியால தொடைங்க, வெளக்கமாறு வேண்டாம். தீப்பிடிக்காது, அந்த பயம் வேண்டாம். பேரையும் தேதியையும் டப்பாவுல எழுதி ஒட்டுங்க, மைதா, ஆப்பசோடா வரிசையில மட்டும் வைக்காதீங்க, பிள்ளைங்க கைக்கு எட்டவே கூடாது.