புரட்டாசியில் வந்திறங்கும் விருந்தாளிகள்: வலசைப் பறவைகள் கேள்வி பதில்

ஆடி பிறந்ததிலிருந்தே கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் "நான் பார்த்தது அபூர்வமா?" என்ற ஒரே ரகம். தமிழ்நாட்டில் ஒரு பறவை அபூர்வமா இல்லையா என்பதை அதன் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. எந்த மாதம், எந்த ஊர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் தேதியும் இடமும் எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன்.

சிதம்பரத்திலிருந்து: ஆடி மாதமே உப்பளத்தில் உள்ளான்கள் (ஈரச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) நிற்கின்றன. இவை போன பருவத்தில் ஊர் திரும்பாதவையா, புதிதாக வந்தவையா?

இரண்டும் கலந்திருக்கும். உள்ளான்களில் முதல் வயதுப் பறவைகள் பல, கோடையிலும் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். இனப்பெருக்கம் செய்யும் வயது வரவில்லை, அவ்வளவு தூரம் போய் என்ன பயன்? பிரித்தறிய நிறத்தைப் பாருங்கள். வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் வட கோடியில் கூடு கட்டிவிட்டு நேராக வந்த பறவையின் வயிற்றிலும் நெஞ்சிலும் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். இங்கேயே கோடையைக் கழித்தது பெரும்பாலும் வெளிறிய சாம்பலாக இருக்கும்.

முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்கள். இந்த இனத்தில் ஆண் அடைகாப்பதில்லை, குஞ்சு பொரிவதற்கு முன்பே கிளம்பிவிடும். அடுத்து பெண்கள். அந்த வருடத்துக் குஞ்சுகள் கடைசியில், ஆவணி, புரட்டாசி வாக்கில் வந்து சேரும். வழிகாட்டப் பெற்றோர் கூட வருவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், அதற்கு முன் ஒரு தடவைகூடப் போகாத வழி. முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு கட்டி, செதில் போட்டது போலச் சுத்தமாக இருந்தால் அது அந்த வருடத்துக் குஞ்சு.

காஞ்சிபுரத்திலிருந்து: காலையில் மாடிப்படியில் பச்சை முதுகும் சிவப்பு வயிற்றடியும் குட்டை வாலுமாக ஒரு பறவை மயங்கிக் கிடந்தது. கிளி இல்லை. பக்கத்து வீட்டில் கூண்டு தருவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கூண்டு வேண்டாம். அது ஆறுமணிக்குருவி. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. இரவில்தான் பறக்கும். விடியும்போது களைத்துப்போய் எங்கே இறங்குகிறதோ அங்கே விழும். நகர வெளிச்சம் குழப்பும், கண்ணாடிச் சன்னல் மோதவைக்கும். மீதியைக் காக்கைகள் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவத்தில் இதே கேள்வி பல ஊர்களிலிருந்து வரும்.

செய்ய வேண்டியது எளிது. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மூடி வைத்து இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். பறவைகள் சாவது பலமுறை இந்த அன்பால்தான். சோறு, பால் எதுவும் வேண்டாம். மணிக்கொரு தடவை திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். வெறும் களைப்பென்றால் சில மணி நேரத்தில் பெட்டிக்குள் துள்ளும். அந்தி சாய்ந்ததும், காக்கைகள் அடைந்த பிறகு, புதரும் சருகும் உள்ள தோட்டத்தில் பெட்டியைச் சாய்த்துத் திறந்து விடுங்கள், கையால் மேலே வீசாதீர்கள். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ வனத்துறையைக் கூப்பிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம், பாசத்தோடு வளர்த்தாலும்.

பக்கத்தில் மரமும் புதரும் இருந்தால் அது அங்கேயே பருவம் முழுக்கத் தங்கலாம். விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசில் கேட்கிறதா என்று பாருங்கள்.

மதுராந்தகத்திலிருந்து: வேடந்தாங்கலுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து குஞ்சு பொரித்துப் போகின்றன என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். சரிதானா?

இல்லை. அங்கே மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப இடம் மாறுபவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கூடு கட்டும். கடல், மலை தாண்டி வருகிற நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் அதே ஏரியில் மிதக்கும், ஆனால் இங்கே முட்டையிடாது. சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு பங்குனி, சித்திரையில் வடக்கே போய்த்தான் கூடு கட்டும்.

வேதாரண்யத்திலிருந்து: கொசு உள்ளான் கூட்டத்தில் கரண்டி மூக்கு உள்ளான் ஒன்று பார்த்தேன். படம் தெளிவில்லை. பதிவு செய்யலாமா?

பார்த்ததை எழுதி வையுங்கள். பெயரை இப்போதைக்குப் போடாதீர்கள். ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில் மட்டும் இனப்பெருக்கம் செய்யும் இந்தப் பறவை, உலகத்திலேயே சில நூறுகள்தான் மிஞ்சியிருக்கிறது. 1980களில் கோடியக்கரையில் இது பதிவாகியிருக்கிறது என்பதால் 'வாய்ப்பே இல்லை' என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதை நினைத்துக்கொண்டே போகிறவர்கள் கண்ணுக்கு எல்லா உள்ளானும் கரண்டி தூக்கித்தான் தெரியும்.

முக்கால்வாசி நேரம் ஏமாற்றுவது சேறு. கொசு உள்ளானின் அலகு நுனியில் சேற்று உருண்டை ஒட்டினால் தூரத்தில் அப்படியே கரண்டி. ஆகவே இரை தேடும் விதத்தைக் கவனியுங்கள். கொசு உள்ளான் தையல் மெஷின் ஊசி மாதிரி கொத்திக்கொண்டே ஓடும். கரண்டி மூக்கு ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் குனிந்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துத் துழாவும். அப்புறம், அலகை நேர் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் கரண்டி கரண்டியாகவே தெரியாது. அதே இடத்துக்கு மறுநாளும் ஓதம் வடியும் நேரத்தில் போங்கள், தொலைநோக்கியை முக்காலியில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரோடு.

பொள்ளாச்சியிலிருந்து: அமுர் வல்லூறு எங்கள் பக்கம் வருமா?

வரும், ஆனால் நின்று விருந்து சாப்பிடாது. வட சீனா, கிழக்கு சைபீரியா பக்கம் கூடு கட்டிவிட்டு அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் பெருங்கூட்டமாகச் சேரும். அதன்பின் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். 2012இல் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் வலைபோட்டு ஏராளமாகக் கொன்றார்கள். அடுத்த வருடமே ஊர்க்காரர்களே வேட்டையை நிறுத்தினார்கள். 2013இல் அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவைகள்தான் இந்தப் பாதையைத் துல்லியமாகக் காட்டின.

நீங்கள் பார்க்க வேண்டியது நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம். திறந்த வெளியில் ஈசலோ தட்டானோ கிளம்பும் இடத்துக்கு மேலே பாருங்கள். கடல் தாண்டும் தட்டான்களைத் தின்றுகொண்டே இவை கடலைக் கடப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆண் என்றால் கருஞ்சாம்பல் உடல், செம்பழுப்புத் தொடை, பறக்கும்போது இறக்கையின் அடியில் முன்பாதி பளீர் வெள்ளை. அந்த வெள்ளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து: காபித் தோட்டத்து நிழலில் ஒரு வாலாட்டி, வாலை மேலும் கீழும் ஆட்டாமல் இடம் வலமாக ஆட்டுகிறது. நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை.

கொடிக்கால் வாலாட்டி. கிழக்காசியாவிலிருந்து வருகிறது. அபூர்வம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணில் படுவது கஷ்டம். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

கோவில்பட்டியிலிருந்து: சோளக்காட்டில் ஆயிரக்கணக்கில் கறுப்பும் ரோஜா நிறமுமாக மைனா போலப் பறவைகள். கூடவே மண் நிறத்தில் சில. வேறு இனமா?

ஒரே இனம், சூறைக்குருவி. மண் நிறத்தில் இருப்பவை குஞ்சுகள். மத்திய ஆசியாவிலிருந்து வருகின்றன. வெட்டுக்கிளியும் நிறையத் தின்னும் என்று பக்கத்து விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள்; கேட்பாரா என்பது வேறு.

சென்னையிலிருந்து: புயலுக்குப் பிறகு கடற்பறவைகள் கரைக்கு வரும் என்கிறார்கள். எப்போது, எங்கே போகலாம்?

புயல் முழுதாக அடங்கி, அரசு தடையை நீக்கிய பிறகு. அலையடிக்கும்போது தூண்டில் வளைவுக் கல்லில் ஏறி நிற்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. பெரும்பாலும் நடுக்கடலில் வாழும் கருமை முதுகு ஆலாக்களும், முட்கரண்டி வாலோடு பெரிய ஃபிரிகேட் பறவைகளும் அப்போது கரையோரம் தள்ளப்படலாம். கடற்கரையோடு ஏரிகளையும் பாருங்கள். கரையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் கடற்பறவையைக் 'காப்பாற்ற' திரும்பக் கடலில் வீசாதீர்கள். அதற்கும் அதே அட்டைப்பெட்டி, அதே இருட்டு.

திருநெல்வேலியிலிருந்து: கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து இன்னும் காணோமே?

ஐப்பசியில் தேடினால் எப்படி? மார்கழி, தை வரை பொறுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: காலில் வளையமும் நிறக்கொடியும் கட்டிய உள்ளான் ஒன்றைப் பார்த்தேன். யாரிடம் சொல்வது?

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திடம். பறவை எங்கே போய் வருகிறது என்று அறிய, கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் கட்டுகிறவர்கள் அவர்கள்தான். வேறு நாட்டில் கட்டியதென்றாலும் உரிய இடத்துக்குச் சேர்ப்பார்கள். கொடியின் நிறத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கால், முழங்கால் மூட்டுக்கு மேலா கீழா, இரண்டு கொடி இருந்தால் எது மேலே எது கீழே, எழுத்து தெரிந்தால் என்ன எழுத்து, அனைத்தும் வேண்டும். எந்த நாட்டில் கட்டியது என்பதை அந்த நிற வரிசைதான் சொல்லும். வலது, இடது என்று எழுதும்போது பறவையின் வலது, உங்கள் வலது அல்ல. படம் மங்கலானாலும் அழிக்காமல் அனுப்புங்கள். இறந்த பறவையில் உலோக வளையம் இருந்தால் அதன் எண்ணை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள்.