சமோராவும் ஏழு கோல்களும்

அன்புள்ள ஐயா,

பழைய கால்பந்து வீரர்களைப் பற்றி எழுதும்போது ஸ்பெயின் கோல்கீப்பர் ரிகார்தோ சமோராவை மிகவும் உயர்த்திச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் 1931இல் லண்டனில் இங்கிலாந்திடம் ஏழு கோல் வாங்கியவர் அவர். நாட்டுக்காக ஆடியதும் 46 ஆட்டங்கள்தான். அவர் பெயர் இன்றும் நிலைப்பது அந்தப் பெயரில் ஒரு கோப்பை கொடுக்கிறார்கள் என்பதால்தானா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

லண்டன் ஹைபரி மைதானத்து 7-1 தோல்வியை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்கு அத்தனை எதிர்பார்ப்பு வந்ததன் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1929 மே மாதம் மத்ரித்தில் ஸ்பெயின் இங்கிலாந்தை 4-3 என்று வென்றிருந்தது. பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே உள்ள ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் முறை. அன்றும் கோலில் நின்றவர் சமோராதான்.

46 என்பது இன்றைய கணக்கில்தான் சிறியது. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் டென்மார்க்கை எதிர்த்து ஸ்பெயின் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு வயது 19. அங்கே வெள்ளிப் பதக்கம். பிறகு 1936 வரை அந்த இடம் அவருடையது. ஆண்டுக்குச் சில ஆட்டங்களே நடந்த காலம் அது. அந்த 46ஐ ஸ்பெயினில் இன்னொரு கோல்கீப்பர் தாண்டியது 1970களில், இரிபார் வந்த பிறகுதான்.

என்னைக் கேட்டால், அவரை எடைபோட 1934 உலகக் கோப்பைக் காலிறுதியைத்தான் எடுத்துக்கொள்வேன். ஃபுளோரன்ஸில் எதிரணி இத்தாலி, மைதானமும் அவர்களுடையது. முரட்டு ஆட்டம். கூடுதல் நேரம் முடிந்தும் 1-1. மறுநாளே மீண்டும் ஆட வேண்டும். அடிபட்டிருந்த சமோராவால் இறங்க முடியவில்லை. இத்தாலி 1-0 என வென்றது, பின்னர் கோப்பையையும் தூக்கியது. அவர் நின்ற நாளில் இத்தாலியால் வெல்ல முடியவில்லை என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

1936 ஜூனில் வலென்சியாவில் ஸ்பெயின் கோப்பை இறுதி ஆட்டம். சமோராவின் அணியான ரியல் மத்ரித் 2-1 என முன்னிலை, கடைசி நிமிடங்கள். பார்சிலோனாவின் எஸ்கோலா தரையோடு உதைத்த பந்து கோல் கம்பத்தின் ஓரம் பார்த்துப் போகிறது. காய்ந்த மைதானத்தில் புழுதி கிளம்பி எதுவும் தெரியவில்லை. அடங்கியபோது பந்து சமோராவின் கையில் இருந்தது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர். அவரைச் சிறையில் அடைத்தார்கள். கொன்றுவிட்டதாகவே செய்தி பரவியது. உயிரோடு மீண்டு பிரான்ஸுக்குப் போய் நீஸ் அணிக்கு ஆடினார்.

இனி அவர் பெயரில் கொடுக்கும் அந்தக் கோப்பை. ஆட்டத்துக்குச் சராசரியாக மிகக் குறைந்த கோல் விட்ட கோல்கீப்பருக்கு ஸ்பெயினின் மார்க்கா விளையாட்டு நாளிதழ் அதை வழங்கத் தொடங்கியது 1950களின் இறுதியில். ஏற்கெனவே ஊரறிந்த பெயர் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அளவுகோலில் எனக்கு ஒரு குறை உண்டு: விடாத கோல்களில் தடுப்பாட்டக்காரர்களுக்கும் பங்கிருக்கிறது. 1931-32இல் ஒரு தோல்விகூட இல்லாமல் ரியல் மத்ரித் அணி ஸ்பெயின் லீக்கை வென்றபோது சமோராவுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரர்களாக நின்றவர்கள் சிரியாகோவும் கின்கோசெஸும். அன்றைய ரசிகர்கள் மூவரின் பெயரையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள்.

அன்புடன்.